பெரிய சக்கரம், சின்ன லாபம்

நெடுஞ்சாலையில் என்ஜினின் அலறலைக் குறைக்க சின்னக் காருக்குப் பெரிய டயர் மாட்டும் வித்தை பழையது. ஆனால் கொல்கத்தாவின் நெரிசலில் அதற்குத் தர வேண்டிய விலை வேறு.

கொல்கத்தாவில் கார் ஓட்டுபவருக்கு இரண்டு உலகங்கள். ஹவுரா பாலத்தின் மீது வண்டிகள் ஊர்ந்து செல்லும் உலகம் ஒன்று. அங்கே முதல் கியரும் இரண்டாம் கியரும்தான் பிழைப்பு. நகரைத் தாண்டி டான்குனியில் துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேயைத் தொட்டதும் அடுத்த உலகம் தொடங்குகிறது. தங்க நாற்கரத் திட்டம் இந்தப் பாதையை டெல்லி வரை அகலமாக்கியது. தெற்கே சென்னை வரை சுமார் 1,700 கி.மீ. நீளும் தேசிய நெடுஞ்சாலை 16ம் அப்படித்தான். சாலை மாறிவிட்டது. ஆனால் அதில் ஓடும் பழைய சின்னக் கார்களின் கியர்கள், சாலை குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் கணக்கிடப்பட்டவை.

விளைவு, சத்தம். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இதற்குச் சரியான உதாரணம். 796 சி.சி. கொள்ளளவு, மூன்று சிலிண்டர்கள், நான்கு கியர்கள். நான்கைந்து பேரையும் மூட்டை முடிச்சுகளையும் மேட்டில் இழுக்க வேண்டுமானால் இத்தனை சிறிய என்ஜின் வேகமாகச் சுழன்றாக வேண்டும். அந்த ஏற்பாடு நகரத்துக்குப் பொருத்தம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போது அதுவே தலைவலி. ஐந்தாவதாக ஒரு கியர் இருக்கக் கூடாதா என்று கை தானாகவே கியர் தண்டைத் தேடும்.

இல்லாத ஐந்தாம் கியருக்குப் பதிலாகப் பல ஊர் ஒர்க் ஷாப்களில் பரிந்துரைக்கப்படும் மருந்துதான் பெரிய டயர். கணக்கு எளிது. மாருதி 800இன் டயர் அளவு 145/70 ஆர்12. அதாவது அகலம் 145 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம், உள்ளே 12 அங்குல ரிம். மொத்த விட்டம் சுமார் 508 மி.மீ. அதே ரிம்மில் 145/80 டயரை ஏற்றினால் விட்டம் 537 மி.மீ. ஆகிவிடும். பின்னாளில் வந்த ஆல்டோவுக்கு இந்த அளவு டயர்தான் என்பதால் கடைகளில் கிடைப்பதும் சுலபம்.

முதல் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 627 முறை சுழல வேண்டும். இரண்டாவதற்கு 593 சுற்று போதும். வித்தியாசம் ஐந்தரை சதவீதம் அளவுக்கு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழன்றுகொண்டிருந்தது என்று வைத்துக்கொண்டால், டயர் மாற்றிய பிறகு அது சுமார் 3,780 ஆகக் குறையும். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் போனால் சக்கரம் ஒவ்வொன்றும் 57,000 சுற்றுகளை மிச்சம் பிடிக்கும். வண்டியின் அடிப்பாகமும் 14 மி.மீ. உயரும். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும் நகரத்தில் இது சின்ன விஷயமல்ல.

இதுவரை எல்லாம் வரவு. செலவுப் பக்கம் நகருக்குள் நுழைந்ததும் திறக்கிறது.

சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரிலும் இழுவை ஐந்து சதவீதம் குறைகிறது. நான்காம் கியரில் கிடைத்த நிம்மதிக்கு முதல் கியரில் வட்டி கட்ட வேண்டும். மேம்பாலத்தின் ஏற்றத்தில், நெரிசலில், நிறைய ஆட்களோடு நின்று நின்று கிளம்பும்போது கிளட்சை அதிக நேரம் பாதியில் பிடித்தாக வேண்டும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். நெடுஞ்சாலையிலும் எதிர்க்காற்றோ ஏற்றமோ வந்தால் மூன்றாம் கியருக்கு இறங்க நேரிடும். அப்போது மிச்சமான சுற்றுகள் அனைத்தும் திரும்பிப் போய்விடும்.

பிரேக்கிலும் இதே கணக்கு. டிரம்மும் டிஸ்க்கும் பழையவை, அவை தரும் பிடியும் பழையது. சக்கரம் பெரிதாகிவிட்டதால் சாலையில் கிடைக்கும் நிறுத்து விசை ஐந்து சதவீதம் குறைகிறது. மிதியை இன்னும் அழுத்தினால் ஈடுகட்டலாம். ஆனால் முன்னால் திடீரென ஒரு லாரி நிற்கும்போது அதற்கு அவகாசம் இருக்காது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்பதையும் வண்டி காலியாக இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. ஆட்களை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஏமாற்று ஒன்று ஸ்பீடாமீட்டரில் இருக்கிறது. அதற்குச் சாலை தெரியாது. கியர்பாக்ஸ் பக்கத்துச் சுழற்சியை மட்டுமே எண்ணும். டயர் மாற்றிய காரில் முள் 80ஐக் காட்டும்போது, மீட்டர் முன்பு துல்லியமாக இருந்திருந்தால், உண்மை வேகம் கிட்டத்தட்ட 85. ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது ஐ.நா.வின் வாகன விதி எண் 39. இதனால் பல தயாரிப்பாளர்கள் முள்ளைச் சற்றுக் கூட்டியே காட்ட வைக்கிறார்கள். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியை விழுங்கிவிடுகிறது.

மைலேஜ் கணக்கும் குழம்பும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீட்டர் 94.6 என்றுதான் காட்டும். லிட்டருக்கு உண்மையில் 20 கி.மீ. தரும் வண்டி, காகிதத்தில் 18.9 தருவதாகத் தோன்றும். டயர் மாற்றியதால் மைலேஜ் போச்சு என்று புலம்புபவர்களில் சிலர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். மைலேஜ் எகிறும் என்று நம்புவோருக்கும் ஒரு செய்தி: 80 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி டயர் மாற்றியதால் குறைவதில்லை. மிச்சமாவது என்ஜினுக்குள் உராய்வில் வீணாவதில் ஒரு பங்கு மட்டுமே.

டாக்ஸிக்கு இது நேரடியாகப் பணம். கட்டண மீட்டரும் சக்கரச் சுழற்சியைத்தான் எண்ணுகிறது. டயர் பெரிதானால் டிரைவருக்கு நஷ்டம். சிறிதானால் பயணியின் பையில் ஓட்டை. தேய்ந்த டயரும் சிறிய டயர்தான். புதிதாக இருக்கும்போது சுமார் 7 மி.மீ. ஆழம் உள்ள வரிப்பள்ளம் சட்டப்படி குறைந்தபட்சமான 1.6 மி.மீ.க்குத் தேயும்போது, சின்னக் காரில் மீட்டர் இரண்டு சதவீதம் கூடுதலாக ஓடும். அரசு எடையளவுத் துறை மீட்டரைச் சோதித்து முத்திரையிடுவது சும்மா அல்ல.

இந்தச் சிக்கலுக்கு முறையான தீர்வைக் காட்டியது கொல்கத்தாவின் பக்கத்து ஊர்தான். ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடரை 1950களின் இறுதியிலிருந்து தயாரித்தது. நான்கு கியருடன் பல ஆண்டுகள் ஓடிய அந்த வண்டிக்கு 1990களில் ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியரும் வந்தன. டயரைத் தொடாமலே நெடுஞ்சாலையில் என்ஜின் மூச்சு விட்டது. முதல் கியரின் இழுவையும் கெடவில்லை. மாருதி 800இன் ஒரு ரகத்துக்கும் 2000 வாக்கில் ஐந்தாம் கியர் கிடைத்தது.

அதே ஹூக்ளி மாவட்டத்தில் சாகாகஞ்சில் 1936இல் தொடங்கியது டன்லப் ஆலை. இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலை அது. அங்கே வேலை நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. அம்பாசடர் உற்பத்தியும் 2014 மே மாதத்தில் நின்றது. மாருதி 800க்கும் அதே ஆண்டில்தான் விடை கொடுக்கப்பட்டது. எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளுக்கு இனி ஆலை எதுவும் கியர் தரப்போவதில்லை. பழைய உதிரி பாகங்களுக்குப் பேர்போன மல்லிக் பஜாரும், டயர் கடைகளும்தான் கதி.

அதனால் மாற்றியே தீர வேண்டும் என்பவர்கள் சிலவற்றை மனதில் கொள்வது நல்லது. விட்டத்தில் 3 சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டாம் என்பது டயர் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. 145/70லிருந்து 145/80க்குத் தாவுவது ஏறத்தாழ அதன் இரு மடங்கு. நான்கு டயர்களையும் ஒருசேர மாற்ற வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து. இழுக்கும் சக்கரங்களில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஓடினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துத் தேயும். புதிய டயரின் சுமை தாங்கும் திறன் பழையதைவிடக் குறையக் கூடாது.

சட்டத்தையும் மறக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தில் மாற்றம் செய்வதற்கு வரம்பு வைக்கிறது. தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேள்வி எழுப்பினால் மிச்சமான பெட்ரோல் காசு அதற்குப் பதிலாகாது.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. வேகத்தை 80லிருந்து 75க்குக் குறைத்தால் என்ஜின் சுழற்சி 6 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பெரிய டயர் தருவதைவிட அது கூடுதல். காற்றின் எதிர்ப்பு அதைவிட அதிகமாகக் குறைவதால் பெட்ரோலும் நிச்சயமாக மிச்சம். சென்னை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். பிரேக், கிளட்ச், மீட்டர் எல்லாம் அப்படியே இருக்கும்.