அவன் பிழை கற்றுத்தந்த பாடம்

ஆசிரியர் பட்டயப் பயிற்சிக்காக எழுமலையில் ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரிக்கிறோம் அல்லவா? மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பு நிலையிலேயே இருந்த ஒரு மாணவன் என் பொறுப்பில் வந்தான்.

க முதல் கௌ வரை தடையின்றிச் சொன்னான். எழுத்து தெரிகிறது, கவனம்தான் இல்லை என்று நினைத்தேன். ‘கொ’ அட்டையைத் தனியே காட்டியதும், “க, கா, கி...” என முணுமுணுத்தபடி வரிசையில் தேடினான். “எனக்கு வராது டீச்சர்” என்று தலைகுனிந்தான்.

ஒரு வாரம் அவன் பிழைகளைக் குறித்து வைத்தேன். கொடு, ‘கெடு’ ஆனது. தோள், ‘தேள்’ ஆனது. முன்னால் வரும் கொம்பைப் பார்த்தவுடன் ஒலித்துவிடுகிறான். பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிடுகிறான். இரண்டும் சேர்ந்தே ஓர் ஒலி என்பது அவனுக்குப் புரியவில்லை.

கொம்பு, எழுத்து, துணைக்கால் மூன்றையும் தனித்தனி அட்டைகளாக வெட்டினேன். துணைக்காலை எடுத்தால் ‘செல்’, வைத்தால் ‘சொல்’. கெடு–கொடு, தேள்–தோள் என்று தினமும் பத்து நிமிடம் விளையாடினோம்.

பயிற்சி முடியும் வாரத்தில் வீட்டு மளிகைச் சீட்டோடு ஓடிவந்தான். “மொச்சை! நானே வாசிச்சேன் டீச்சர்!”

அவனுக்குக் கவனமில்லை என்று முதல்நாளே முடிவுகட்டியிருந்தேன். கவனிக்காதவள் நான்தான். இப்போது என் குறிப்பேட்டில் மதிப்பெண்ணுக்கு முன்னால் பிழைகளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது.