ஆங்கில வாக்கியத்தைப் புரிந்துகொள்வோம்



குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "இங்கிலீசு எழுத்தைக் கூட்டிப் படிச்சுருவேனுங்க, என்ன சொல்றாங்கன்னுதான் புரியறதில்லை." வங்கிப் படிவம், கடன் பத்திரம், செல்போன் செய்தி என்று ஆங்கிலம் நம் கைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. சரளமாகப் பேச வேண்டும் என்பதில்லை. வாக்கியம் எப்படி அமைகிறது என்று தெரிந்தாலே, எதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறோம் என்பது விளங்கும்.

சொற்களின் வரிசை

தமிழில் "நாங்கள் பால் விற்கிறோம்" என்கிறோம். செயல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் "வீ செல் மில்க்". வீ என்றால் நாங்கள், செல் என்றால் விற்கிறோம், மில்க் என்றால் பால். யார், என்ன செய்கிறார், எதை என்பதே அதன் வரிசை.

தமிழில் "குழு வங்கிக்குக் கட்டியது" என்றாலும், "வங்கிக்குக் குழு கட்டியது" என்றாலும் பொருள் ஒன்றுதான். 'க்கு' என்ற உருபு யாருக்கு என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் அப்படியில்லை, சொல் நிற்கும் இடம்தான் பொருளைச் சொல்லும். "த குரூப் பெய்ட் த பேங்க்" என்றால் குழு வங்கிக்குப் பணம் கொடுத்தது. "த பேங்க் பெய்ட் த குரூப்" என்றால் வங்கி குழுவுக்குக் கொடுத்தது. அதே சொற்கள்தான், ஆனால் கொடுத்தவர் மாறிவிட்டார் பாருங்கள்!

வாக்கியம் நான்கு வகை

1. செய்தி வாக்கியம்: ஒன்றைச் சொல்வது. "ஐ ஹேவ் ரிசீவ்ட் த லோன்" என்றால் "நான் கடன் தொகையைப் பெற்றுக்கொண்டேன்" என்று பொருள். இதன் கீழே கையெழுத்துப் போட்டால் நாமே சொன்னதாக ஆகிவிடும். பணம் கைக்கோ கணக்குக்கோ வருவதற்கு முன் போடக் கூடாது. "ஐ அக்ரி" என்றால் "நான் சம்மதிக்கிறேன்". நடுவில் 'நாட்' என்ற சொல் வந்தால் பொருள் 'இல்லை' என்று மாறிவிடும். அந்த ஒரு சொல்லை எப்போதும் தேடிப் பாருங்கள்.

2. கேள்வி வாக்கியம்: தமிழில் கடைசியில் 'ஆ' சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் சொல் இடம் மாறும். "திஸ் இஸ் மை பாஸ்புக்" என்றால் இது என் பாஸ்புக். "இஸ் திஸ் மை பாஸ்புக்?" என்றால் இது என் பாஸ்புக்கா?

3. கட்டளை வாக்கியம்: செயல்தான் முதலில் நிற்கும். "சைன் ஹியர்" என்றால் இங்கே கையெழுத்திடுங்கள். "டு நாட் ஷேர் ஓ.டி.பி." என்றால் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். "என்டர் யு.பி.ஐ. பின்" என்று வந்தால் நின்று யோசியுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. அதைப் போட்டால் நம் பணம் வெளியே போய்விடக்கூடும்.

4. உணர்ச்சி வாக்கியம்: "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று ஆச்சரியக்குறியோடு வரும். பரிசு விழுந்திருக்கிறது என்று முன்பின் தெரியாத நம்பரிலிருந்து வந்தால் நம்பாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வங்கிச் செய்தியில்

"யுவர் அக்கவுண்ட் இஸ் டெபிட்டட்" என்று வரும். இங்கே முதலில் நிற்பது நம் கணக்கு. ஆனால் அது எதையும் செய்யவில்லை, அதிலிருந்துதான் பணம் எடுக்கப்பட்டது. யார் எடுத்தார் என்பது முதலில் வராது. டெபிட் என்றால் போனது, கிரெடிட் என்றால் வந்தது.

தமிழில் கேட்பது நம் உரிமை

இவ்வளவு படித்தும் புரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியதில்லைங்க. நுண்கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி வகுத்தது. ஆகவே "தமிழில் கொடுங்க, படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடறோம்" என்று தைரியமாகக் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் செல்போனில் வந்த ஒரு ஆங்கிலச் செய்தியைக் கொண்டு வாருங்கள். ஓ.டி.பி. உள்ளதை மட்டும் காட்ட வேண்டாம். யார், என்ன செய்தார், எதை, 'நாட்' இருக்கிறதா என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடமும் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.