ரேடியோ ஒதுக்கிய சோகப் பாட்டு சக்கைப்போடு போட்ட கதை!
கெடுக்க அடித்த அடியே உயிர் கொடுத்தது

பாட்டு பிடிக்காமல் ஒருவர் கிட்டாரை ஓங்கி அடித்தார். அந்த அடிதான் பாட்டையே தூக்கி நிறுத்தியது!

சோகம் ஜாஸ்தி என்று சொந்த நாட்டு ரேடியோ ஒதுக்கியது. அதே பாட்டு கடல் கடந்து போய் கொடி நாட்டிவிட்டுத் திரும்பியது!

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கத்து இளைஞர்கள் ஐந்து பேர் சேர்ந்த ராக் இசைக்குழு "ரேடியோஹெட்". அவர்களுடைய "கிரீப்" என்ற பாட்டின் கதைதான் இது.

"கிரீப்" என்றால், பார்த்தாலே மற்றவர்கள் முகம் சுளிக்கும் ஆள் என்று அர்த்தம். ஒருத்தியை எட்ட நின்றே நேசிக்கிறான் ஒருவன். கிட்டே போக தைரியம் இல்லை. அவளுக்கு நான் லாயக்கில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். இதுதான் பாட்டு.

எழுதியவர் குழுவின் பாடகர் தாம் யார்க். எக்சிடர் பல்கலைக்கழகத்தில் படித்த நாளிலேயே எழுதிவிட்டார்.

இரவல் பாட்டா?

1992-ம் ஆண்டு. சிப்பிங் நார்டன் என்ற ஊரில் ஒலிப்பதிவு. அமெரிக்காவில் இருந்து வந்த ஷான் ஸ்லேட், பால் கோல்டரி இருவரும் தயாரிப்பாளர்கள்.

ஒத்திகையில் ஒருநாள் "கிரீப்" பாட்டை வாசித்தார்கள். இது எங்கள் ஸ்காட் வாக்கர் பாட்டு என்றார் யார்க். ஸ்காட் வாக்கர் பழைய பிரபல பாடகர். யார்க் சொன்னது அவர் பாணி என்ற பொருளில். தயாரிப்பாளர்களோ அவருடைய பாட்டு என்றே நினைத்துவிட்டார்கள்!

பதிவு செய்ய வந்த பாட்டுகள் சரியாக அமையவில்லை. அலுத்துப்போய், அந்தப் பாட்டை வாசியுங்கள் என்றார்கள். வாசித்து முடித்ததும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். சொந்தச் சரக்கு என்பது பிறகுதான் தெரிந்தது!

ஜானியின் கோபம்

கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட்டுக்கு பாட்டு இப்படி அடங்கி ஒலிப்பது பிடிக்கவே இல்லை. பல்லவி தொடங்கும் நேரம் பார்த்து, கிட்டாரில் "டர்ர்... டர்ர்..." என்று ஓங்கி ஒரு இழுப்பு! கெடுக்கத்தான் அப்படிச் செய்தார். இன்றும் பாட்டைக் கேட்பவர்கள் காத்திருப்பது அந்தச் சத்தத்துக்குத்தான்.

1992 செப்டம்பரில் இசைத்தட்டு வெளிவந்தது. பி.பி.சி. ரேடியோ-1 சோகம் தாங்கவில்லை என்று ஒதுக்கியது. சுமார் 6 ஆயிரம் தட்டுகளே விற்றன. பட்டியலில் 78-வது இடம். அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கைகொடுத்த வெளிநாடு

அப்போதுதான் இஸ்ரேல் ரேடியோவில் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அங்கே ஒரே அமர்க்களம்! அடுத்து அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ ரேடியோ பிடித்துக்கொண்டது. அமெரிக்கப் பட்டியலில் 34-வது இடம்.

1993 செப்டம்பரில் இங்கிலாந்தில் மறுபடியும் வெளியிட்டார்கள். இந்தத் தடவை 7-வது இடம்!

புகழோடு வில்லங்கமும் வந்தது. ஹாலீஸ் குழு 1974-ல் பாடிப் புகழ்பெற்ற "தி ஏர் தட் ஐ ப்ரீத்" பாட்டின் சாயல் இதில் இருப்பதாகப் புகார். முடிவில் அந்தப் பாட்டை எழுதிய ஆல்பர்ட் ஹாமண்ட், மைக் ஹேசில்வுட் இருவரின் பெயரும் "கிரீப்" பாட்டில் சேர்ந்தது. வருமானத்திலும் பங்கு!

பெற்றவர்களுக்கே கசந்தது

போகிற இடமெல்லாம் ரசிகர்கள் இந்த ஒரு பாட்டையே கேட்டார்கள். மற்ற பாட்டுகளைச் சீந்துவார் இல்லை. குழுவினருக்கு வெறுத்துப்போனது. வருஷக்கணக்கில் மேடையில் பாடாமலே தவிர்த்தார்கள்.

2009-க்குப் பிறகு 2016-ல்தான் மறுபடியும் மேடை ஏற்றினார்கள். நான் எங்கும் ஒட்டாதவன் என்று ஒருவன் தனியாகப் புலம்பிய பாட்டு. அதைக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடியது!