கழிவா, எச்சமா? பயிரின் மிச்சமும் ஆற்றலும்

அறுவடைக்குப் பின் வயலில் நிற்பது தாள். கதிரடித்தபின் கிடைப்பது வைக்கோல். அது நொறுங்கினால் கூளம். மணி பிடிக்காதது பதர். நெல்லைக் குற்றும்போது நீங்கும் மேலோடு உமி. அரிசியைத் தீட்டும்போது உதிர்வது தவிடு. ஒரே பயிரின் மிச்சங்களுக்குத் தமிழ் இத்தனை பெயர்களை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயன் இருந்ததே அதற்குக் காரணம். இன்று இவையனைத்தையும் ‘வேளாண் கழிவு’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். அச்சொல்மீது எமக்கு மனக்குறை உண்டு.

‘கழி’ என்னும் வினை நீக்குதலைக் குறிப்பது. கழிவு என்று சொன்ன உடனேயே, அப்பொருளை எடுத்துச் சென்றால் எவருக்கும் இழப்பில்லை என்ற எண்ணம் தோன்றிவிடுகிறது. ‘எச்சம்’ அவ்வாறன்று. ‘வந்த’ என்பது பெயரை வேண்டி நிற்கிறது. ‘வந்து’ என்பது வினையை வேண்டி நிற்கிறது. பொருள் முடியாமல் எஞ்சி நிற்பதனாலேயே இலக்கணத்தார் அவற்றை எச்சம் என்றனர். பயிரெச்சமும் அத்தகையதே; அதன் வேலை இன்னும் முடியவில்லை. பறவையின் எச்சத்தை நினைத்து மாணவர்கள் சிரிக்கக்கூடும்; சிரிக்கட்டும், அதுவும் நிலத்துக்கு உரந்தான். குப்பை என்ற சொல்லே பழந்தமிழில் குவியலைக் குறித்தது; நெற்குவியலும் குப்பை எனப்பட்டது.

மலேசியாவில் இதற்குச் சிறந்த சான்று செம்பனை ஆலையாகும். நூறு கிலோ பழக்குலையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய் கிடைக்கிறது. அதனுடன் சுமார் 22 கிலோ வெறுங்குலையும், 13 கிலோ நாரும், 6 கிலோ கொட்டை ஓடும் எஞ்சுகின்றன. நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து நீராவி ஆக்குகிறார்கள். அந்நீராவி முதலில் சுழலியைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. பிறகு அதுவே பழக்குலைகளை வேகவைக்கிறது. ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்ற தொடர் பாடநூலில் ஏறுவதற்கு முன்பிருந்தே ஆலைகள் தம் மிச்சத்தைக் கொண்டு தம்மை இயக்கி வந்தன. தோட்டத்தில் வளர்ந்த நம்மவர் பலர் இதை நேரில் அறிவர். முன்பு தோட்டத்து மண்சாலைகளில் கொட்டப்பட்ட அந்த ஓடு, இன்று ஜப்பானிய மின்நிலையங்களுக்குக் கப்பலேறுகிறது. விலைபோகும் பொருளைக் கழிவு என்பது எப்படிப் பொருந்தும்?

வெறுங்குலையின் கதை வேறு. அதில் மூன்றில் இரு பங்கு நீர். கிழித்து, பிழிந்து, ஈரம் குறைத்தாலன்றி அது நன்கு எரியாது. எரிந்தாலும் அதிலுள்ள பொட்டாசியம் சாம்பலை இளகச் செய்து கொதிகலன் குழாய்களில் ஒட்ட வைக்கிறது. கொதிகலனுக்குப் பகையான அதே பொட்டாசியம் மரத்துக்கு உணவு. ஆகவே வெறுங்குலைகளை மரங்களுக்கிடையே பரப்புவது வழக்கம். அவை மண்ணின் ஈரத்தைக் காத்து, மக்கி உரமாகின்றன. அவற்றை எரிக்க எடுத்துச் சென்றால், அந்தச் சத்தை உர மூட்டையாக விலை கொடுத்து வாங்க வேண்டும். மின்சாரக் கணக்கில் இந்தச் செலவு எழுதப்படாமற் போவதற்கு ‘கழிவு’ என்னும் பெயரும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

நெல்லுக்கு வருவோம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அது உலர்ந்தே கிடைக்கிறது, ஆலையிலேயே குவிகிறது, நல்ல நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. எனவே உமியை எரிபொருளாக்குவது எளிது. அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உமிக்கரியால் பல் துலக்கியவர்களுக்கு அதன் சொரசொரப்பு நினைவிருக்கும். வைக்கோல் அவ்வளவு எளிதன்று. அது வயலெங்கும் சிதறிக் கிடக்கும். பருமன் மிகுதி, எடை குறைவு. மழையில் நனைந்தால் அழுகும். கெடாவின் மூடா சமவெளியிலும் சிலாங்கூரின் செகிஞ்சானிலும் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையிலான சில வாரங்களில் வைக்கோலைத் திரட்டிக் கட்டி ஏற்றுவது உழவருக்குப் பெருஞ்சுமை. தீ வைப்பது எளிது. அந்தப் புகையில் ஆற்றலும் போகிறது, காற்றும் கெடுகிறது. தஞ்சைப் பகுதியில் குறுவைக்குப் பின் வரும் போகத்தின் பெயரே தாளடி. முந்திய பயிரின் தாளை அப்பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது.

பயிர் வளரும்போது ஈர்த்த கரியமில வாயுவே எரியும்போது திரும்புகிறது. அதனால் இவ்வாற்றல் புதுப்பிக்கத்தக்கது என்பர். வண்டி குடிக்கும் டீசலையும் மண் இழக்கும் சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அக்கூற்று நிறைவுறும். மலேசியாவில் 2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டங்கள் இத்தகைய மின்சாரத்துக்கு உறுதியான கொள்முதல் விலை கிடைக்க வழி செய்தன. விலை உறுதியாகும்போது எதை எரிப்பது, எதை நிலத்துக்கு விடுவது என்ற கேள்வி கூர்மையடைகிறது.

பயோமாஸ் என்பதற்கு உயிர்த்திரள், உயிரிப்பொருள் எனப் பல ஆக்கங்கள் வழங்குகின்றன. எதை ஆண்டாலும் குற்றமில்லை. அதன் உட்பிரிவாகிய இதற்கு மட்டும் ‘பயிரெச்சம்’ என்ற சொல்லை வகுப்பறையில் ஆளுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உமி, வைக்கோல், வெறுங்குலை மூன்றையும் மாணவர் முன் வைத்து, எது அடுப்புக்கு, எது மண்ணுக்கு என்று அவர்களையே காரணத்தோடு பிரிக்கச் சொல்லலாம்.