அசுவினியும் அதன் உடலுக்குள் வாழும் பாக்டீரியாவும்

அவரைத் தண்டில் அடர்ந்திருக்கும் கரிய பூச்சிகள் அசுவினிகள். இவை உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை ஏராளம். உடல் வளரத் தேவையான அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது, பூச்சியின் உடலுக்குள் தனிச் செல்களில் வாழும் புக்னெரா என்ற பாக்டீரியா. பூச்சிகளுக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜெர்மன் விலங்கியலாளர் பால் புக்னரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

இந்த உறவு 15 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. தாயின் உடலிலிருந்தே பாக்டீரியா கருவுக்குள் சென்றுவிடுகிறது. வெளியுலகைக் காணாமலே தலைமுறைகள் கழிந்ததில், தனித்து வாழத் தேவையான மரபணுக்கள் பலவற்றை அது இழந்துவிட்டது. 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் மரபுத்தொகுதியை முழுமையாகப் படித்தார்கள். எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 600 மரபணுக்களே. ஆனால், பூச்சிக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களை ஆக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. எத்தனை வியப்பான சிக்கனம்!

பூச்சிக்கும் வேறு வழியில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் புக்னெராவை அழித்தால் அசுவினி வளர்ச்சி குன்றுகிறது. குட்டி ஈனுவதும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கடும் வெப்பத்தாலும் புக்னெரா குறையும். அப்போது அசுவினிகளின் பெருக்கமும் சரிகிறது.