கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: திண்டுக்கல் கிராமங்களில் கிடைத்த விடை

திருச்சி மன்னார்புரத்திலிருந்து திண்டுக்கல் சுமார் நூறு கிலோமீட்டர். அங்கிருந்து பழனி ரோட்டில் போனால் ஒட்டன்சத்திரம், அதன் அருகே அம்பிளிக்கை. பெண்களின் புற்றுநோயைப் பற்றி உலக மருத்துவம் இன்று அறிந்திருப்பதில் இரண்டு முக்கியமான விஷயங்களுக்கு இந்த ஊரின் பங்களிப்பு உண்டு. ஒன்று, பெரிய லேப் இல்லாமலே ஒரு நர்ஸ் இந்த நோயை முன்கூட்டியே பிடித்துச் சாவைக் குறைக்க முடியும் என்பது. மற்றது, தடுப்பூசி ஒரே டோஸ் போட்டாலும் பல வருடம் காப்பாற்றும் என்பது. இரண்டு ஆய்வுகளிலும் முக்கியப் பங்கு வகித்தவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன்.

இவர் கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவர். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிவிட்டு, பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போனார். அங்கே நோயை முன்கூட்டியே கண்டறியும் பிரிவுக்குத் தலைவராக நீண்ட காலம் இருந்தார். கதிர்வீச்சுப் பிரிவுக்கு நம் ஊரில் நோயாளிகள் வந்து சேரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். அந்த வாசலில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர், 'இவர்கள் பத்து வருடம் முன்பே வந்திருந்தால்?' என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடியாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் அந்தப் பத்து வருடம் உண்மையாகவே இருக்கிறது. நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ். இதைக் கண்டு சொன்ன ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின் மூலம் தொற்றும் இந்த வைரஸ் ரொம்பச் சாதாரணமானது. மணமான பெண்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்து, ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். ஆகவே இது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அல்ல. சிலருக்கு மட்டும் வைரஸ் போகாமல் தங்கிவிடும். தங்கிய இடத்தில் செல்கள் மெல்ல மாறி, புற்றாக ஆவதற்குப் பத்து, பதினைந்து, சில சமயம் இருபது வருடமும் பிடிக்கும். இந்த இடைக்காலத்தில் வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது. ஆனால் பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு மாற்றம் தெரியும். அப்போது சிகிச்சை சில நிமிட வேலைதான்.

மேலை நாடுகள் இந்த இடைவெளியைப் பேப் ஸ்மியர் மூலம் பயன்படுத்திக்கொண்டன. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அது. சில வருடங்களுக்கு ஒரு முறை பார்த்தே அங்கெல்லாம் நோயைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். அதற்கு லேப் வேண்டும், பழகிய கண் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பெண் இரண்டாம் முறை ரிசல்ட் வாங்க வரவேண்டும். நடவுக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், ரிசல்ட்டுக்காக இன்னொரு நாளையும் விட வேண்டும் என்றால் வருவாரா? நம் கிராமங்களில் பேப் ஸ்மியர் சறுக்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

மாற்று வழி வினிகர். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை நீர்க்கக் கலந்து வைத்துக்கொள்கிறார்கள். பெண் மேசையில் படுத்துக்கொள்வார். நர்ஸ் ஸ்பெகுலம் கருவியால் பிறப்புறுப்பை மெதுவாக விரித்து, கர்ப்பப்பை வாய் தெரியும்படி வெளிச்சம் வைப்பார். பஞ்சை அமிலத்தில் நனைத்துத் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். நல்ல இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாறிய செல்கள் உள்ள இடம் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல் வெளுக்கும். அவ்வளவுதான். லேசாக எரியும், வலிக்காது. ரிசல்ட் அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும். மருத்துவத் துறையில் இதை வி.ஐ.ஏ. என்பார்கள்.

எளிமையாக இருப்பதாலேயே ஒரு சோதனை பயனுள்ளது என்று சொல்லிவிட முடியாது. வெளுத்த இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு, அதனால் சாவு குறைவது வேறு. இரண்டாவதை நிரூபிக்க ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடம் பின்தொடர வேண்டும். ஆராய்ச்சி மருத்துவரின் தொழில் வாழ்க்கையில் கண்டுபிடிக்கும் நாள்களைவிடக் காத்திருக்கும் வருடங்களே அதிகம்.

அதற்காகச் சங்கரநாராயணனும் சகாக்களும் திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பஞ்சாயத்துகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57-ல் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை வினிகர் சோதனை. மற்ற 57-ல் வழக்கமான மருத்துவ வசதியும் நோய் பற்றிய விளக்கமும் மட்டும். சோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். வெளுப்புத் தெரிந்தால் கோல்போஸ்கோப் என்னும் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவையானால் துளி சதை எடுத்து, மாறிய இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபியும் அவர்களே செய்தார்கள். அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையத்தின் பி.ஓ. எஸ்மி, ஆர். ராஜ்குமார் ஆகியோர் களத்தில் நின்றார்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் ஆர். சுவாமிநாதன் கணக்குப் பக்கம். மாவட்டத்தில் யாருக்குப் புற்று வந்தது, யார் இறந்தார் என்று பதிந்துவைக்கும் பதிவேடு இல்லாவிட்டால் இந்த ஆய்வுக்கே பொருள் இல்லை. மருத்துவத்தில் யாரும் மாலை போடாத வேலை இது.

2000 மே முதல் 2003 ஏப்ரல் வரை, அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் 3,088 பேருக்கு வெளுப்புத் தெரிந்தது, அதாவது பத்தில் ஒருவருக்கு. இதைக் கவனியுங்கள்: 'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. பெரும்பாலோருக்கு வெறும் அழற்சி அல்லது லேசான மாற்றம். இதைத் தெளிவாக எடுத்துச் சொல்லாத நர்ஸிடம் போகும் பெண் அன்றிரவு தூங்கமாட்டார்.

2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. சோதனை நடந்த பஞ்சாயத்துகளில் 83 பெண்கள் இந்நோயால் இறந்திருந்தார்கள். மற்ற பஞ்சாயத்துகளில் 92 பேர். வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் பக்கம் சுமார் 49 ஆயிரம் பேர், இரண்டாம் பக்கம் சுமார் 31 ஆயிரம் பேர் மட்டுமே. வயது முதலியவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரு நிமிடச் சோதனைக்கு இந்தப் பலன்.

அதிகப் பலன் 30 முதல் 39 வயதுக்காரர்களுக்கு. இதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு. புற்று தொடங்கும் வளையம் இளம் வயதில் கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கம், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும். மாதவிடாய் நின்றபின் அது உள்ளே ஏறிவிடும். வினிகர் தடவினாலும் தெரியாது. 'பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

இந்த ஆய்வின் மேல் கடுமையான விமர்சனமும் உண்டு. சோதனை கிடைக்காத பஞ்சாயத்துகளில் 92 பேர் இறந்ததை வெறும் கணக்காகப் பார்க்கலாமா, அவர்களுக்கும் ஏதாவது பரிசோதனை கொடுத்திருக்க வேண்டாமா என்று மருத்துவ அறவியலாளர்கள் கேட்டார்கள். இந்தியாவில் இதேபோல் நடந்த வேறு இரு ஆய்வுகளையும் சேர்த்தே இந்தக் கேள்வி எழுந்தது. 'அன்று அந்த ஊர்களில் எந்தப் பரிசோதனையும் வழக்கத்தில் இல்லை. இருந்த நிலையோடுதான் ஒப்பிட்டோம்' என்பது ஆய்வாளர்களின் வாதம். எனக்கு அந்த வாதம் முழுவதுமாகத் திருப்தி தரவில்லை. அதேசமயம், அந்தப் பெண்களின் வழியாகக் கிடைத்த விடையை அரசுகள் பயன்படுத்தாமல் இருப்பது இன்னும் பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சங்கரநாராயணன் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு வினிகரின் எல்லையைக் காட்டியது. சுமார் 1,32,000 பெண்களை நான்கு பிரிவாக்கி, ஹெச்.பி.வி. வைரஸ் சோதனை, பேப் ஸ்மியர், வினிகர், எதுவுமில்லை என்று ஒப்பிட்டார்கள். 2009-ல் வந்த முடிவில், வைரஸ் சோதனைப் பிரிவில் மட்டுமே சாவு தெளிவாக, ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. வினிகருக்கு அங்கே குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பியிருக்கும் சோதனைக்கு இந்தப் பலவீனம் உண்டு. இன்று உலக சுகாதார நிறுவனம் வைரஸ் சோதனையையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது: 30 வயதிலிருந்து, ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை. இதற்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது கூச்சப்படும் நம் ஊருக்குப் பெரிய சௌகரியம். அந்த வசதி இல்லாத இடத்தில் வினிகர் சோதனை நல்ல சோதனைதான்.

தடுப்பூசிக் கதை வேறு மாதிரி. 2009-ல் அம்பிளிக்கை உட்படப் பல இந்திய மையங்களில், 10 முதல் 18 வயதுச் சிறுமிகளுக்கு மூன்று டோஸுக்குப் பதில் இரண்டு போதுமா என்று பார்க்கும் ஆய்வு தொடங்கியது. 20 ஆயிரம் பேர் இலக்கு. அதே சமயத்தில் ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த வேறொரு ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்தார்கள். சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனால் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிய விதம் சரியில்லை என்று கண்டனம் எழுந்தது, அது நியாயமான கண்டனம். 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லா ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னது. அதற்குள் 17,729 பேருக்குக் குறைந்தது ஒரு டோஸ் போயிருந்தது. அவர்களில் 4,950 பேர் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள்.

ஆய்வைக் கைவிட்டிருக்கலாம். அவர்கள் கைவிடவில்லை. ஒரு டோஸ் மட்டும் கிடைத்தவர்களையும் சேர்த்தே வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2021-ல் பார்த்தா பாசு, சங்கரநாராயணன் முதலியோர் வெளியிட்ட கட்டுரையில், அதிக ஆபத்தான 16, 18 வகை வைரஸ்கள் நிலைத்துத் தங்குவதை ஒரே டோஸ் சுமார் 95 சதவீதம் தடுத்தது தெரிந்தது. இரண்டு, மூன்று டோஸுக்குச் சளைக்கவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் முறையையும் ஏற்றுக்கொண்டது. பணமில்லாத நாடுகள் பலவற்றுக்கு இது வழி திறந்தது. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

பெண்களின் எல்லாப் புற்றுக்கும் இப்படி வழி கிடைத்துவிடவில்லை. சினைப்பைப் புற்றுக்கு இரத்தத்தில் சி.ஏ.125 என்னும் புரதத்தின் அளவும் ஸ்கேனும் வருடாவருடம் பார்த்தால் சாவு குறையுமா என்று பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த இறுதி விடை: குறையவில்லை. ஆகவே அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாதவருக்கு 'மாஸ்டர் செக்கப்' பட்டியலில் இந்தச் சோதனையைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் வாங்கினால், ஏன் என்று கேளுங்கள்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள் என்பது சர்வதேச மதிப்பீடு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் எப்போதாவது ஒரு முறை இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாடு முழுவதும் பார்த்தால் இரண்டு சதவீதம்கூட இல்லை. அதனால் நாம் முன்னணி மாநிலம்! தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனைத் திட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் விரித்தும் இவ்வளவுதான். திண்டுக்கல்லில் வீடு வீடாகப் போய் அழைத்ததால் அறுபது சதவீதத்துக்கு மேல் வந்தார்கள். போர்டு மாட்டிவிட்டுக் காத்திருந்தால் வரமாட்டார்கள்.

எனவே, உங்கள் வீட்டில் 30 வயது கடந்த பெண் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையிலோ 'கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை' என்று கேட்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துப் போகவேண்டும். தடுப்பூசி போட்டவரும் போகவேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் கசிந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ இந்த வரிசையில் நிற்க வேண்டாம். அது சோதனை முகாமுக்கான விஷயமல்ல, நேராக மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். திண்டுக்கல் ஆய்விலேயே, புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியானவர்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். சோதனையில் ஏதாவது தெரிந்தால், அடுத்து எங்கே, எந்தத் தேதியில் வரவேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.