மில்டன் கீன்ஸ்: வயல்வெளியில் எழுந்த நகரம்

"மில்டன் கீன்ஸ்" என்ற பெயரை விரிவுரையில் முதன்முதலாகக் கேட்டபோது, கவிஞர் மில்டனையும் பொருளியல் அறிஞர் கீன்ஸையும் ஒன்றுசேர்த்து யாரோ சூட்டிய பெயர் என்றே எண்ணினேன். உண்மையில் அது இங்கிலாந்தின் பக்கிங்ஹம்ஷயர் வட்டாரத்தில் பல நூற்றாண்டுகளாக இருந்து வரும் ஒரு சிற்றூரின் பெயர். 1967-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், அச்சிற்றூரையும் சுற்றியிருந்த வேறு பல சிற்றூர்களையும், பிளெட்ச்லி, வோல்வர்டன், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்ட் ஆகிய சிறு பட்டணங்களையும் ஒரே எல்லைக்குள் அடக்கிப் புதுநகரப் பகுதியாக அரசு அறிவித்தது. பரப்பளவு ஏறத்தாழ 89 சதுரக் கிலோமீட்டர். இலக்கு 250,000 மக்கள். லண்டனின் வீட்டு நெருக்கடியைத் தணிப்பதே முதன்மை நோக்கம்.

நகரத் திட்டமிடல் பயிலும் மாணவன் என்ற முறையில் இந்நகரைப் பற்றி இடுபணி ஒன்று எழுத வேண்டியிருந்தது. வரைபடத்தைப் பார்த்தே எழுதிவிடலாம் என்று தொடங்கினேன். சாலைகளைவிட நிலக் கணக்கே முக்கியம் என்பது போகப் போகத்தான் விளங்கியது.

வயலாக இருக்கும் ஓர் ஏக்கரின் விலை ஒன்று. அதே ஏக்கரில் வீடும் கடையும் வரப்போகின்றன என்று தெரிந்தால் அதன் விலை வேறு. இவ்விரண்டு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடு யாருக்குச் சேர வேண்டும்? இக்கேள்வியை எபனேசர் ஹோவர்ட் என்பவர் 1898-இல் வெளியிட்ட நூலிலேயே எழுப்பினார். நிலம் முழுவதையும் ஊரின் பொருட்டு ஒரே அமைப்பு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பு உயர உயர அந்த வருவாய் ஊருக்கே திரும்ப வேண்டும் என்பது அவருடைய வாதம். அதன் பயனாக 1903-இல் லெட்ச்வர்த்தும் 1920-இல் வெல்வின் தோட்ட நகரும் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் வந்த புதுநகரச் சட்டம், அக்கருத்தை அரசின் கையில் கொடுத்தது. ஒவ்வொரு புதுநகருக்கும் ஒரு மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் உரிமை அதற்கு உண்டு. புதுநகரம் வரப்போவதால் ஏறும் விலையைக் கணக்கில் சேர்க்காமல் இழப்பீடு தரப்படும். கட்டுமானச் செலவுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து 60 ஆண்டுக் கடன் கிடைக்கும். நிலத்தை இழந்த உழவர்களுக்கு இது கசப்பாகவே இருந்திருக்கும். ஆனால், இந்த ஏற்பாடு இல்லாமல் மில்டன் கீன்ஸ் எழுந்திருக்காது.

மேம்பாட்டுக் கழகத்தின் முதல் தலைவரைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஜோக் கேம்பல். கயானாவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். 1930-களில் இளைஞராக அங்குச் சென்று, தொழிலாளர்கள் அடைந்து கிடந்த லயத்து வீடுகளைக் கண்டு அதிர்ந்து போனார். அத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுள் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் உண்டு. பின்னாளில் புக்கர் நிறுவனத்தின் தலைவரான கேம்பல், அந்த லயங்களை அகற்றித் தனி வீடுகள் கட்ட வழி செய்தார். (புகழ்பெற்ற புக்கர் இலக்கியப் பரிசு தோன்றியதிலும் இவருக்குப் பங்குண்டு.) இவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. கயானாவின் சர்க்கரைத் தொழிலில் பெரும்பகுதி அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது; அங்குள்ள விடுதலைப் போராட்டத் தலைவர்கள் அதைக் கடுமையாகச் சாடினார்கள். எனினும், தொழிலாளியின் வீடு எப்படி இருக்கக்கூடாது என்பதை நேரில் பார்த்த ஒருவர் 1967 முதல் 1983 வரை ஒரு நகரத்தைக் கட்டும் பொறுப்பில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

நகரின் அமைப்புக்கு வருவோம். பிரெட் பூலி என்ற மாவட்டக் கட்டடக் கலைஞர், ஒற்றைத் தண்டவாள இரயிலைச் சுற்றி நெருக்கமான குடியிருப்புகளைக் கட்டலாம் என்று முன்னரே ஒரு திட்டம் வகுத்திருந்தார். பயணிகளுக்குக் கட்டணம் கிடையாது; வீட்டு வரியிலேயே செலவை ஈடுகட்டலாம் என்றார். கோலாலம்பூரில் மோனோரயிலுக்கு வரிசையில் நிற்கும் நமக்கு இது கனவாகத் தோன்றும். அங்கும் அது கனவாகவே போயிற்று. 1970-இல் வெளியான பெருந்திட்டம் காரை நம்பியது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாலை என்று வலைபோல் பின்னினார்கள். வடக்கு தெற்காகச் செல்பவை "ஸ்ட்ரீட்", கிழக்கு மேற்காகச் செல்பவை "வே". சந்திப்புகளில் பெரும்பாலும் சாலை விளக்குகளுக்குப் பதில் வட்டச் சுற்றுகள். நகரெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. நிலத்தின் மேடுபள்ளத்திற்கேற்பச் சாலைகள் சற்று வளைவதால் வானிலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகைபோல் தெரியாது. காற்றில் ஆடும் மீன்வலை போலிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு குடியிருப்பு. வீடுகள் பெருஞ்சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கும். நடுவே அடர்ந்த மரவரிசை. இதனால் காரில் செல்பவர் கண்ணுக்கு நகரமே தென்படாது. நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் "ரெட்வே" எனும் செந்நிறப் பாதைகள் தனியே உண்டு; பெருஞ்சாலைகளை அவை அடிவழியாகவோ பாலத்தின் மேலாகவோ கடக்கும். நகர மையத்தின் முதன்மைச் சாலையான மிட்சம்மர் புலவார்டைக் கோடை நடுநாளில் ஞாயிறு எழும் திசை நோக்கி அமைத்திருக்கிறார்கள். மரத்தைவிட உயரமாகக் கட்டடம் எழக்கூடாது என்றும் ஒரு கொள்கை இருந்தது. பின்னாளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

வீட்டைக் கட்டிவிட்டால் சமூகம் உண்டாகிவிடுமா? முன்பு கட்டிய புதுநகரங்களில் குடியேறியவர்களின் தனிமையும் சோர்வும் பெரிதாகப் பேசப்பட்டன. ஆகவே, புதிதாக வரும் குடும்பங்களை வீடு தேடிச் சென்று வரவேற்கவும், பள்ளி எங்கே, மருத்துவர் எங்கே என்று சொல்லவும் கழகம் தனி ஊழியர்களை அமர்த்தியது. 1970-களின் பிற்பகுதியில் குடியிருப்பாளர்களே நிகழ்ச்சி தயாரித்து வழங்கிய உள்ளூர்த் தொலைக்காட்சி அலைவரிசையும் சில ஆண்டுகள் இயங்கியது. 1969-இல் அங்கு வந்து சேர்ந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நகருக்கு முகவரி கொடுத்தது. 1978-இல் லிஸ் லே என்ற சிற்பி சிமென்டில் செய்த மாடுகளோ நகருக்குக் கேலியைத் தேடித் தந்தன. "உண்மையான மாடுகூட இல்லாத ஊர்" என்று நாடே சிரித்தது. இப்போது அம்மாடுகளை உள்ளூர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. செங்கல் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவசரமாகக் கட்டிய நெதர்ஃபீல்ட், பீன்ஹில் குடியிருப்புகளின் தட்டைக் கூரைகள் ஒழுகின. பீன்ஹில்லை வரைந்தவர் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற நோர்மன் ஃபோஸ்டர்! அவ்வீடுகளுக்குப் பிறகு சாய்வுக் கூரை போட வேண்டியதாயிற்று. வீடுகள் பரவிக் கிடப்பதால் பேருந்து சேவை தொடக்கம் முதலே தடுமாறியது. கார் வாங்க வசதியில்லாதவர் நிலையைப் பெருந்திட்டம் போதிய அளவு எண்ணவில்லை என்பதே என் கருத்து. காற்பந்து இரசிகர்களுக்கு வேறொரு மனக்குறை உண்டு. 2003-இல் விம்பிள்டன் குழு இங்கு இடம்பெயர்ந்து, மறு ஆண்டு எம்.கே. டான்ஸ் எனப் பெயர் மாறியதை பழைய இரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

1979-இல் பெரிய பேரங்காடியும், 1982-இல் மைய இரயில் நிலையமும் திறக்கப்பட்டன. 1992-இல் மேம்பாட்டுக் கழகம் கலைக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் சுமார் 287,000 பேர் வாழ்ந்தனர். முன்பு பலமுறை கேட்டும் கிடைக்காத "மாநகர்" தகுதி 2022-இல்தான் வந்தது.

கழகம் கலைந்தபோது பூங்காக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. நகராட்சியிடம் ஒப்படைத்தால், பணம் குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது பூங்காச் செலவாகத்தான் இருக்கும் என்று அஞ்சினார்கள். எனவே பூங்கா அறக்கட்டளை ஒன்றை நிறுவி, பச்சை நிலத்தோடு சுமார் 20 மில்லியன் பவுண்டு முதலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி வாடகை தரும் வணிகக் கட்டடங்கள். அந்த வாடகையில்தான் புல் வெட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள். இன்று அறக்கட்டளையின் பொறுப்பில் 6,000 ஏக்கருக்கும் மேல் உள்ளது. நகர மையத்தை ஒட்டிய பூங்காவுக்குக் கேம்பலின் பெயர் இருக்கிறது.

புதுநகரக் கருத்து நம் நாட்டுக்கும் வந்தது. பெட்டாலிங் ஜெயா 1950-களில் எஃபிங்ஹம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தில் தொடங்கியதே. நான் வளர்ந்த தாமானும் ஒரு காலத்தில் தோட்டம்தான். என் தாத்தா அங்குப் பால் மரம் சீவினார். தோட்டம் விற்கப்பட்டபோது எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு சிறு தொகையும், மலிவு விலை வீடொன்றை வாங்கும் வாய்ப்பும். மேம்பாட்டாளர் காட்டிய வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் ஒரு திடல் இருந்ததாம். நான் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது அங்கே கடைவீடுகள் எழுந்துவிட்டன.

இடுபணியை முடித்துவிட்டு விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, அப்பாவிடம் அந்த அறக்கட்டளையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிப்பா, அந்த நிலம் யார் பேருல இருக்கு?" என்றார்.

"நகராட்சி பேர்லதான்பா. அறக்கட்டளைக்குக் குத்தகை."

"எத்தனை வருசத்துக்கு?"

"999."